மூன்றாம் கேள்வி

நார்ஃபோக்,
பிப்ரவரி 4

அன்புள்ள ஜோயல் அண்ணா,

நலம். போன வாரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நலம். ஐந்து நாள், நாளுக்கு ஆறு மணி நேரம் தூங்கினேன். நீயும் படகும் எப்படி இருக்கிறீர்கள்?

உன்னிடம் போனில் பேசச் சொல்கிறார்கள். என்னால் முடியாது. போனில் குரல் மட்டும் தனியாகக் காதுக்குள் வந்துவிடுகிறது, அதற்குரிய முகம் எங்கேயோ இருக்கிறது. கடிதம் என்றால் எனக்கு வேண்டிய வேகத்தில் படித்துக்கொள்ளலாம். அதனால் எழுது.

இந்த வார்டில் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். எல்லாரும் பதினெட்டு, பத்தொன்பது வயதுக்காரர்கள். யாருக்காவது ஆபத்து என்றால் நர்ஸ்கள் எல்லாருடைய இடுப்பிலும் இருக்கும் அபாய மணி ஒரே நேரத்தில் அலறும். நேற்று ஒன்பது முறை அலறியது. அலறும்போது மேசைக்கடியில் போய்விடுகிறேன். உடனே ‘நிலைமை மோசம்’ என்று எழுதிக்கொள்கிறார்கள். மணி நின்றதும் வெளியே வந்துவிடுகிறேன். அதை யாரும் எழுதுவதில்லை. காதை மூடுகிற என் ஹெட்போனில் வயர் இருக்கிறது, ஆபத்து என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

மூன்று கேள்விகள்.

ஒன்று: அம்மாவின் மணிக்கட்டு சரியாகிவிட்டதா? அக்டோபரில் துறைமுகச் சுவர்மேல் வழுக்கி விழுந்தாள் என்று சொன்னாய். எனக்கு அந்த நாள் நினைவில்லை.

இரண்டு: நண்டு பிடிக்கத் தொடங்கிவிட்டீர்களா?

மூன்று: ஜனவரி 15 அன்று நான் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். பிறகு 29 என்றார்கள். இப்போது தேதியே சொல்வதில்லை. ஏன்?

வரிசைப்படி பதில் எழுதவும். அம்மாவிடம் என் அன்பைச் சொல்.

தங்கை,
பிரையனி


விட்பி,
பிப்ரவரி 21

என் அன்புத் தங்கைக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீ ஆறு மணி நேரம் தூங்கியதைக் கேட்டு அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

மணிக்கட்டு தேவலை. நண்டுக்கு ஏப்ரல் ஆகும். இப்போது கூண்டுகளைப் பழுது பார்க்கிறோம். என் முதலாளி ரெஜியை உனக்குத் தெரியுமே, வாய் சும்மா இருக்காது. நேற்று என் கையில் இருந்த கூண்டைப் பார்த்துவிட்டு, “ஏண்டா, நண்டுக்குக் கூண்டு கட்டுறியா, இல்ல கொசுவலை பின்னுறியா? இதுக்குள்ள வர்ற நண்டு ‘கதவு எங்கப்பா’ன்னு கேட்டுட்டுத் திரும்பிப் போயிடும்” என்றார். பிரித்துவிட்டு மறுபடியும் பின்னினேன். காற்று வடக்கிலிருந்து அடிக்கிறது. எட்டு நாளில் இரண்டு நாள்தான் கடலுக்குப் போனோம். ஒரு கடல்நாய் படகு ஏற்றும் சரிவில் வந்து படுத்துக்கொண்டு நகரமாட்டேன் என்கிறது.

தேதி விஷயம் டாக்டர்கள்தான் சொல்லவேண்டும்.

நன்றாகச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
ஜோயல்


நார்ஃபோக்,
மார்ச் 11

அன்புள்ள ஜோயல் அண்ணா,

உடம்பு சுமார். இடது காதில் இரைச்சல் இருக்கிறது. நீங்கள் இருவரும் நலம் என்று எழுதியிருந்தாய், நம்புகிறேன்.

எனக்கு ஒருவரைப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். பெயர் மார்வா. ஐம்பது வயது இருக்கும். லீட்ஸ்காரர், அவருடைய அப்பா அம்மா ஜமைக்காவிலிருந்து வந்தவர்களாம். ஆஸ்பத்திரி ஆள் இல்லை, கல்லூரி ஆள் இல்லை, நகராட்சி ஆளும் இல்லை. என்னைப்போல ஆட்டிசம் இருக்கிறவர்கள் மனநல வார்டில் மாட்டிக்கொண்டால், இந்த மூன்று பேரையும் ஒருவரோடு ஒருவர் பேசவைத்து, எங்களை வெளியே கொண்டுவருவதுதான் அவருடைய வேலை. அவருடைய பதவிக்கு ‘கீ ஒர்க்கர்’ என்று பெயர், பெயரிலேயே சாவி இருக்கிறது. கையில் ஒரு சாவியும் இல்லை. வார்டுக்குள் வர அவரும் மணி அடித்துவிட்டுக் காத்திருக்கிறார்.

முதல் நாள் வந்து நாற்காலியை என் எதிரே போடாமல் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

“எப்படி இருக்கேன்னு கேக்க மாட்டேன். காலையிலேர்ந்து இருபது பேர் கேட்டிருப்பாங்க” என்றார்.

“பதினொண்ணு” என்றேன்.

“சரி, பதினொண்ணு. இந்த இடத்துல உனக்கு ரொம்பப் பிடிக்காதது எது? ஒண்ணே ஒண்ணு சொல்லு.”

“மணி.”

“வேற யாராச்சும் உன்கிட்ட இதக் கேட்டாங்களா?”

“இல்ல.”

குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு எழுந்து போனார். நர்ஸ்கள் அறையில் அவர் குரல் கேட்டது. “வயர்தான பிரச்சன? வயர் இல்லாத ஹெட்போன் கடைல விக்குதுங்க. இதுக்கு ஒரு மீட்டிங் போடணுமா?” மறுநாள் ஹெட்போன் வந்துவிட்டது. எனக்கு அருகில் வேலை செய்கிற நர்ஸ்கள் மணியை அலறாமல் அதிர மட்டும் வைக்கிறார்கள். பத்து நாளில் இரண்டு முறைதான் மேசைக்கடியில் போனேன்.

மூன்றாம் கேள்விக்கு நீ எழுதியது பதில் இல்லை. கடல்நாய்க்கு அதைவிட நீளமாக எழுதியிருக்கிறாய். டாக்டரைக் கேட்டேன். “வீட்டு ஏற்பாடுகள் நடந்துட்டிருக்கு” என்றார். என்ன ஏற்பாடுகள்?

அம்மாவுக்கு அன்பு. அம்மா இதுவரை எழுதவில்லை என்பதையும் குறித்துக்கொண்டிருக்கிறேன்.

தங்கை,
பிரையனி


விட்பி,
ஏப்ரல் 2

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் சுகம். காது இரைச்சல் குறைந்ததா? டாக்டரிடம் காட்டினாயா?

அந்த மார்வா நல்ல மாதிரி ஆளாகத் தெரிகிறார். அவர் சொல்வதைக் கேட்டு நட. கடல்நாய் போய்விட்டது. ரெஜி படகுக்குப் புதிதாகப் பச்சை வண்ணம் அடித்தார், எனக்குப் பிடிக்கவில்லை. அம்மா அன்பு சொல்லச் சொன்னாள். அவளுக்கு எழுதுவது சிரமம், உனக்கே தெரியும்.

சீக்கிரம் எல்லாம் சரியாகும்.

அண்ணன்,
ஜோயல்


நார்ஃபோக்,
ஏப்ரல் 17

அன்புள்ள ஜோயல் அண்ணா,

உடம்பு நலமில்லை. நீ நலமாக இருக்கவேண்டும் என்று விரும்புகிறேன்.

தேதி ஏன் தள்ளிப்போகிறது என்பதற்கு என்னிடம் இரண்டு விளக்கங்கள் இருக்கின்றன. என் நோய் முற்றிக்கொண்டே போகிறது, எனக்கு மட்டும் அது தெரியவில்லை என்பது ஒன்று. வெளியே யாரோ ‘வேண்டாம்’ என்று சொல்லியிருக்கிறார்கள் என்பது இன்னொன்று. நீங்கள் யாரும் இரண்டாவதைச் சொல்லாததால் முதலாவதுதான் உண்மை என்று வைத்துக்கொண்டேன். மூன்று மாதமாக என்னையே சோதித்துக்கொண்டிருக்கிறேன். நான் பார்க்கிற சுவர் உண்மையில் அங்கே இருக்கிறதா, நர்ஸ் சொன்னதை நான் சரியாகக் கேட்டேனா என்று. களைப்பாக இருக்கிறது.

இதை மார்வாவிடம் சொன்னேன். அவர் குறிப்பேட்டை மூடினார். பிறகு சொன்னார்: “உன் மூளைல கோளாறு இல்ல. நீ கேக்குறது சரியான கேள்வி. எனக்குப் பதில் தெரியும். ஆனா அது உங்க வீட்டு ஆளுங்க வாயாலதான் வரணும். மே எட்டாம் தேதி வரைக்கும் உங்க அண்ணனுக்கு டைம் குடுத்திருக்கேன். அதுக்குள்ள அவரு எழுதலன்னா, ஒன்பதாம் தேதி காலைல பத்து மணிக்கு நானே வந்து இதே நாற்காலில உக்காந்து சொல்றேன்.”

“பொய் சொல்லமாட்டீங்களே?”

“மாட்டேன். இனிப்பா இருக்கும்னு மட்டும் எதிர்பாக்காத.”

இன்னும் 21 நாள் இருக்கிறது.

பிரையனி


விட்பி,
மே 6

பிரையனி,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

அக்டோபரில் கல்லூரியில் மூன்று நாள் தொடர்ந்து தீயணைப்புப் பயிற்சி மணி அடித்தார்கள். மூன்றாம் நாள் நீ அங்கிருந்து ஓடிவிட்டாய். துறைமுகச் சுவரின் கடைசிவரை ஓடி, கம்பித் தடுப்பைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றாய். அன்று கடல் மோசமாக இருந்தது. யாரோ சொல்லி, அம்மா சலூனிலிருந்து ஏப்ரனோடு ஓடி வந்தாள். வாடிக்கையாளர் தலையில் சாயம் பாதியில் நின்றது. கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு உன் கையைப் பிடித்துக்கொண்டாள். நீ அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை, உதறினாய். கம்பியில் மாட்டி அவள் மணிக்கட்டு உடைந்தது. உடைந்த பிறகும் விடவில்லை. நாயோடு நடக்க வந்த ஒருவர் ஓடிவந்து உன்னைத் தூக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் வழுக்கி விழவில்லை.

மணிக்கட்டு சரியாகவில்லை. உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். கத்தரிக்கோலை இருபது நிமிடத்துக்கு மேல் பிடிக்க முடியவில்லை. பிப்ரவரியில் சலூனை விட்டுவிட்டாள்.

ஜனவரி 12 அன்று டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, உன்னை வீட்டுக்கு அழைத்துப் போகிறீர்களா என்று கேட்டார். அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அவ மேல எனக்குக் கோபம் இல்ல டாக்டர். அவளப் பாத்துப் பயமும் இல்ல. அடுத்த தடவ இந்தக் கை பிடிக்காது. அவ்வளவுதான். என்னால முடியாது.”

டாக்டர் என்னைப் பார்த்து, “நீங்க என்ன சொல்றீங்க?” என்றார். நான் என் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “அம்மா சொல்றதுதான்” என்றேன்.

உனக்குச் சொன்னால் தாங்கமாட்டாய் என்று அங்கே எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அது வசதியாக இருந்தது.

ஜோயல்


விட்பி,
மே 29

பிரையனி,

கடிதம் கிடைத்ததா? நண்டு தொடங்கிவிட்டது. வேறென்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஒரு வரி போடு. வெறும் தாளை அனுப்பினாலும் போதும்.

ஜோயல்


லீட்ஸ்,
ஜூன் 20

மதிப்புக்குரிய ஜோயல் அவர்களுக்கு,

நீங்களும் உங்கள் தாயாரும் நலமென்று நம்புகிறேன். பிரையனியின் அனுமதி பெற்றே இதை எழுதுகிறேன், அவளும் படித்துவிட்டாள்.

உங்கள் கடிதம் மே 8 அன்று வந்தது. அதே வாரம் எங்களுக்குச் சொல்லாமல் வார்டில் அவளுடைய அறையையும் மாற்றிவிட்டார்கள். இரண்டும் சேர்ந்துகொண்டன. பேச்சு நின்றது. நான்கு நாள் தண்ணீர் மட்டுமே குடித்தாள். பழைய அறையைத் திரும்ப வாங்க எனக்கு ஆறு நாள் ஆயிற்று. அந்த நாட்களில் உண்மையைச் சொன்னது தவறோ என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். நானும் நினைத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஒன்பது முறை போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். ஒரு சொல் இல்லை. பத்தாம் முறை ஒரு தாளை என் பக்கம் தள்ளினாள். “அம்மாவின் எந்தக் கை?” என்று எழுதியிருந்தது. வலது என்றேன். அன்று பாதி டோஸ்ட் சாப்பிட்டாள்.

இப்போது மூன்று வேளையும் சாப்பிடுகிறாள். உங்களுக்கு எழுதுவாள். எப்போது என்று நான் கேட்கவில்லை.

மார்வா


நார்ஃபோக்,
ஜூலை 8

அன்புள்ள ஜோயல் அண்ணா,

உடம்பு பரவாயில்லை. எடை இரண்டு கிலோ கூடியிருக்கிறது. நீ நலமா? அம்மாவுக்குக் கை மழைநாளில் வலிக்கிறதா?

உன் கடிதத்தைப் பதினான்கு முறை படித்தேன். அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் சொன்னது சரியான கணக்கு. உடைந்த கை ஒருமுறைக்கு மேல் பிடிக்காது.

உன் மேல் கோபம் இருக்கிறது. நீ என்னைக் காப்பாற்ற நினைத்தாய். அந்த நான்கு மாதமும் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். துறைமுகச் சுவரைவிட அது மோசமான இடம். இனிமேல், தெரியாது என்றால் தெரியாது என்று எழுது. சொல்ல முடியாது என்றால் சொல்ல முடியாது என்று எழுது. அந்த இரண்டையும் என்னால் தாங்க முடியும்.

நானும் மார்வாவும் சேர்ந்து ஒரு திட்டம் எழுதுகிறோம். முதல் வரியில் ‘வீட்டுக்குப் போகவேண்டும்’ என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு ‘விட்பிக்குப் போகவேண்டும்’ என்று எழுதினேன். மார்வா, “நெசமாவா?” என்று கேட்டார். “ஆமா” என்றேன். தனி வீடு. பகலில் இருவர் மாறி மாறி வருவார்கள். எனக்குக் கெட்ட நேரம் வருவதற்கு மூன்று நாள் முன்பே தூக்கம் குறையும், காது இரையும். அதை யார் கவனிப்பது, யாரிடம் சொல்வது, அவர் வராவிட்டால் அடுத்தவர் யார் என்று எழுதியிருக்கிறோம். இப்போது ஏழு பேர் பெயர் இருக்கிறது. அம்மாவின் பெயரை எழுதவில்லை.

செப்டம்பர் 16 மறுபரிசீலனைக் கூட்டம். அம்மா வருவாளா?

தங்கை,
பிரையனி


விட்பி,
ஜூலை 25

அன்புத் தங்கைக்கு,

அம்மாவுக்கு மழைநாளில் வலிக்கிறது. எனக்கு முதுகு வலி. மற்றபடி இருவரும் இருக்கிறோம்.

நீ சொன்னது புரிந்தது. மன்னித்துவிடு என்று எழுதி இரண்டு தாள் கிழித்துப் போட்டேன். இதைக் கிழிக்கமாட்டேன்.

உன் கடிதத்தை அம்மா வாசித்தாள். வாசித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். கூட்டத்துக்கு வருவாளா என்றால், தெரியாது. வந்தால் அவள் மட்டும் வருவாள். நான் வந்தால் என்னைப் பேசவிட்டு அவள் சும்மா இருந்துவிடுவாள்.

நேரத்துக்குத் தூங்கு.

ஜோயல்


நார்ஃபோக்,
செப்டம்பர் 18

அன்புள்ள ஜோயல் அண்ணா,

நலம். நேற்று ஒன்பது மணி நேரம் தூங்கினேன். முதுகு எப்படி இருக்கிறது?

அம்மா வந்தாள். உன்னிடம் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டாள், அதனால் எழுதுகிறேன்.

மொத்தம் பதினொரு பேர். என் கண் கூசாமல் இருக்க விளக்குகளில் பாதியை மார்வா முன்னாலேயே அணைத்து வைத்திருந்தார். நகராட்சியிலிருந்து வந்தவர் பேச ஆரம்பித்தார். “அந்தப் பொண்ணுக்குத் தோதான இடம் இப்போதைக்கு எங்க கைவசம் இல்ல. அந்தப் பொண்ணோட நிலைமைய வச்சுப் பாத்தா...”

“நான்தான் அந்தப் பொண்ணு” என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவருக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன்.

மார்வா, “எட்டு மாசமா இதே பாட்டுதாங்க கேட்டுட்டிருக்கோம். கைவசம் இல்லன்னா தேடுங்க. தேடியாச்சுன்னா எங்கெங்க தேடுனீங்கன்னு காட்டுங்க. அவளுக்கு இங்க வைத்தியம் எதுவும் மிச்சம் இல்லன்னு டாக்டரே எழுதிட்டாரு. வீடு இல்லாததுக்கா ஒரு பொண்ண ஆஸ்பத்திரில பூட்டி வப்பாங்க?” என்றார். நகராட்சிக்காரர் தாள்களைப் புரட்டினார். காட்ட ஒன்றும் இல்லை. ஆறு வாரத்துக்குள் வீடு பார்த்துத் தரவேண்டும் என்று தேதி போட்டு அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

பிறகு நான் திட்டத்தை வாசித்தேன். ஏழு பெயரும் வாசித்து முடித்ததும் அம்மா முதன்முறையாகப் பேசினாள்.

“என் பேரு இல்லையே?”

“நீ முடியாதுன்னு சொன்னியே.”

“புடிச்சு நிறுத்த முடியாதுன்னுதான் சொன்னேன். பாக்க வர முடியாதுன்னு எப்ப சொன்னேன்?”

எட்டாவதாக அவள் பெயரை எழுதினேன். எதிரே ‘பார்க்க வருபவர்’ என்று எழுதினேன். பக்கத்தில் ‘பிடிக்க வேண்டியதில்லை’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டேன். அம்மா அதைத் தன் பக்கம் திருப்பி வாசித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தாள்.

தங்கை,
பிரையனி


விட்பி,
டிசம்பர் 3

அன்புள்ள ஜோயல் அண்ணா,

நலம். நீ நான்கு தெரு தள்ளித்தான் இருக்கிறாய், இருந்தாலும் தபாலில் போடுகிறேன். நேரில் வந்தால் நீ பேசிக்கொண்டே தேநீர் போடுகிறாய், எனக்கு இரண்டையும் சேர்த்துக் கவனிக்க முடிவதில்லை.

ஆறு வாரம் என்றது ஒன்பது வாரம் ஆனது. வந்து பத்து நாள். முதல் நாலு நாள் மோசம். ஐந்தாம் நாள் காது இரைந்தது. பட்டியலில் இரண்டாவது பெயர்க்காரருக்குச் சொன்னேன், வந்தார், கல்லூரி வேலையைத் தள்ளிப்போட்டோம். இரைச்சல் நின்றது. மார்வா வாரம் ஒருமுறை வருகிறார். ஜனவரிக்குப் பிறகு மாதம் ஒருமுறைதானாம். எனக்கு அது பிடிக்கவில்லை என்று சொன்னேன். “எனக்குந்தான்” என்றார்.

அம்மாவைப் பற்றி நீ கேட்டாய். நடந்தது இது. போன திங்கட்கிழமை மதியம் கதவைத் தட்டினாள். திங்கட்கிழமை யாரும் வருவதாக இல்லை. கதவைக் கொஞ்சமாகத் திறந்தேன். கையில் ஒரு பாத்திரம் வைத்திருந்தாள்.

“இந்தப் பக்கமா வந்தேன். உள்ள வரட்டுமா?” என்றாள்.

“இன்னைக்கு வேணாம்மா. வியாழக்கிழமை மூணு மணிக்கு வா” என்றேன்.

“சரி” என்றாள். பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஜன்னலில் நின்று, தெரு திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதன் பிறகு மூன்று நாள், இனி வரவே மாட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன்னிடம் கேட்கலாமா என்று தோன்றியது. கேட்கவில்லை.

வியாழக்கிழமை சரியாக மூன்று மணிக்குக் கதவு தட்டப்பட்டது. திறந்தேன். உள்ளே வந்தாள். இறைச்சிக் குழம்பு சாப்பிட்டோம். அதிகம் பேசவில்லை. நாலரைக்குக் கிளம்பிப் போனாள்.

அவள் இரண்டு இருபதுக்கே வந்துவிட்டாளாம். மாடிப்படியில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததாகக் கீழ்வீட்டுக்காரர் பிறகு சொன்னார். “உள்ள வந்து உக்காருங்கன்னு சொன்னேன், ‘இல்லைங்க, எனக்கு மூணு மணிக்குத்தான் சொல்லியிருக்கா’ன்னுட்டாங்க” என்றார்.

முதுகுக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொள்.

தங்கை,
பிரையனி